மரம் வளர்த்த அதிபர்



படிப்பு முடிந்து வேலை வெட்டி இல்லாமல் திரியும் வாலிபப் பையன்களை நாம் உதவாக்கரை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். அப்படிப்பட்ட லட்சக்கணக்கான பிள்ளைகளிடம் மண்வெட்டியைக் கொடுத்து, நாட்டின் காடுகளையே ஒப்படைத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் அமெரிக்க அதிபர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட்.

அவர் 1882ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க் என்னும் ஊரில், வசதியான குடும்பத்தில் பிறந்தார். பலகாலம் பயிர் செய்து சாரம் கெட்டுப்போன குடும்ப நிலத்தில் மரக்கன்றுகளை நடச் செய்தார். அவர் வாழ்நாளில் அங்கே நடப்பட்டவை 5 லட்சம் இருக்கும்.

1921இல், 39ஆம் வயதில், கடும் நோய் கண்டது. இளம்பிள்ளை வாதம் என்றார்கள் வைத்தியர்கள். இரு கால்களும் விளங்காமல் போயின. வேறு ஆளாக இருந்தால் மூலையில் முடங்கியிருப்பார். அவரோ காலில் இரும்புப் பட்டை கட்டிக்கொண்டு அரசியலுக்குத் திரும்பினார். 1929இல் நியூயார்க் மாநில ஆளுநரானார். 1933 மார்ச் 4இல் அதிபரானார்.

அது பொல்லாத காலம். அமெரிக்காவில் நாலு பேரில் ஒருவருக்கு வேலையில்லை. அங்கே மோட்டார் வண்டி விற்காமல் போகவே ரப்பர் விலை விழுந்தது. இங்கே மலாயாத் தோட்டங்களில் பால்வெட்டிய நம் பாட்டன்மார் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆகவே இது நம் வீட்டுக் கதையும்தான்.

அந்த நாட்டில் மண்ணும் சீரழிந்து கிடந்தது. காடுகளைக் கண்டபடி வெட்டியதால் மழைக்கு மேல்மண் கரைந்து ஓடியது. சமவெளியில் காற்றுக்குப் புழுதியாகப் பறந்தது. ரூஸ்வெல்ட் இந்த இரண்டு கஷ்டத்துக்கும் ஒரே மருந்து தேடினார். பதவிக்கு வந்த மாதமே சட்டம் நிறைவேறியது. ஏப்ரல் 17இல் வர்ஜீனியா மாநிலக் காட்டில் இளைஞர்களின் முதல் முகாம் எழுந்தது.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், 18 முதல் 25 வயது வரை உள்ளவர்கள், சேர்க்கப்பட்டார்கள். சாப்பாடும் துணிமணியும் படுக்க இடமும் இலவசம். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். எத்தனையோ தாய்மார்களின் அடுப்பில் அந்தப் பணத்தால்தான் உலை கொதித்தது.

அரசாங்கக் காடுகளிலும் பூங்காக்களிலும் அவர்கள் கன்று நட்டார்கள், காட்டுத் தீயை அணைத்தார்கள், பாதை போட்டார்கள், மண் அரிக்காமல் சிறு தடுப்பணைகள் கட்டினார்கள். மாலையில் முகாமிலேயே பாடம் நடக்கும். எழுத்தறியாமல் வந்தவர்களில் 40,000 பேர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

குறை இல்லாமல் இல்லை. இந்த முகாம்களில் பெண்களுக்கு இடமில்லை. கறுப்பின இளைஞர்களைப் பெரும்பாலும் தனி முகாம்களில் ஒதுக்கி வைத்தார்கள். நல்ல காரியத்திலும் பாகுபாடு புகுந்தால் அது கறைதான்.

உலகப் போர் வந்ததால் 1942இல் திட்டம் நின்றது. அதற்குள் சுமார் 30 லட்சம் பேர் சேர்ந்து உழைத்தார்கள். சுமார் 300 கோடி மரங்கள் நட்டார்கள். 1944இல் ஓட்டுப் போடச் சென்ற ரூஸ்வெல்ட், தம் தொழில் மரம் வளர்ப்பது என்றே சொன்னார். 1945 ஏப்ரல் 12இல் காலமானார்.

நடக்க முடியாத ஒருவர் நாட்டுப் பிள்ளைகளை நிமிர்ந்து நடக்க வைத்தார். சும்மா கொடுக்கும் காசு ஒரு மாதத்தில் கரைந்துவிடும். ஊருக்கு உதவும் வேலையில் காய்த்த கை, தன்னை யாரும் உதவாக்கரை என்று சொல்ல விடாது.

பெற்றோர்களே, சும்மா இருக்கும் பிள்ளையைத் திட்டுமுன் பொறுப்பான வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். மாணவர்களே, நம்ம பள்ளித் திடலிலும் கோயில் ஓரத்திலும் வெறும் இடம் கிடக்கிறது. இன்று பரிசு வாங்கும் கையும், வாங்காத கையும் சேர்ந்து அங்கே ஆளுக்கொரு கன்று நடட்டும்!