காலம் கடந்துவிடவில்லை

நமக்கு வரவேண்டியது உரிய காலத்தில் வராதபோது, இனி எதற்கு என்று நாம் சோர்ந்துவிடுகிறோம். அப்படிச் சோர்ந்துவிடாத ஒருவரை இன்று நினைத்துப் பார்ப்போம். அவர், இங்கிலாந்தின் நடுத்தொலைவு ஓட்ட வீரர் ஆல்பர்ட் ஹில்.

1889ம் ஆண்டு மார்ச் 24ம் தேதி இலண்டனின் டூட்டிங் பகுதியில் பிறந்தார் ஹில். இரயில்வே ஊழியரான இவர், 1910ம் ஆண்டு, தன் 21வது வயதில், நான்கு மைல் ஓட்டத்தில் தேசிய வாகையர் பட்டம் பெற்றார். பின்னர் அரை மைல், ஒரு மைல் ஓட்டங்களில் கவனம் செலுத்தினார். கால்களில் வலு நிறைந்திருந்த அந்த வயதில் முதல் உலகப்போர் வெடித்தது. 1916ம் ஆண்டு பெர்லினில் நடக்கவேண்டிய ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. ஹில் பிரித்தானிய விமானப்படைப் பிரிவில் சேர்ந்து, பிரான்சில் பணியாற்றினார். ஓட்டக்காரருக்குத் திரும்பக் கிடைக்காத ஆண்டுகள் அவை.

போர் முடிந்தபோது அவருக்கு வயது 30ஐ நெருங்கியிருந்தது. ஆனாலும், பயிற்சியாளர் சாம் முஸாபினியின் வழிகாட்டுதலில் மீண்டும் ஓடினார். 1919ம் ஆண்டு தேசியப் போட்டியில் அரை மைல், ஒரு மைல் இரண்டிலும் வென்றார். அடுத்த ஆண்டு, அதே அரை மைல் ஓட்டத்தில் தென்னாப்ரிக்க வீரர் பெவில் ரட்டிடம் தோற்றார். இத்துடன் முடிந்தது என்று பலரும் எண்ணக்கூடிய நேரம் அது.

சில வாரங்களில், 1920ம் ஆண்டு ஆகஸ்டில், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கின. 31 வயது ஹில் 800 மீட்டர் ஓட்டத்தை 1 நிமிடம் 53.4 வினாடிகளில் முடித்துத் தங்கம் வென்றார். ரட் மூன்றாவதாக வந்தார். இரண்டு நாள்கள் கழித்து 1500 மீட்டரிலும், 4 நிமிடம் 1.8 வினாடிகளில், ஹில்லுக்கே தங்கம். இரண்டாவதாக வந்தவர் அவரது நாட்டவரான பிலிப் நோயல்-பேக்கர். 1959ம் ஆண்டு அமைதிக்கான நொபெல் விருது பெற்றவர் இவரே. ஒரே ஒலிம்பிக்கில் இவ்விரு தங்கங்களையும் வென்ற பிரித்தானிய ஆண் வீரர் ஹில்லுக்குப் பின் எவருமில்லை.

ஓய்வுபெற்ற பிறகும் அவர் ஓட்டப்பாதையை விட்டு விலகவில்லை. அவரிடம் பயிற்சி பெற்ற சிட்னி வுடர்சன், 1937ம் ஆண்டு, ஒரு மைல் ஓட்டத்தில் 4 நிமிடம் 6.4 வினாடிகளில் உலகச் சாதனை படைத்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் கனடாவில் குடியேறிய ஹில், 1969ம் ஆண்டு சனவரி 8ம் தேதி அங்கேயே காலமானார்.

போர் பறித்துக்கொண்ட ஆண்டுகளை ஹில் திரும்பப் பெறவில்லை. மீதியிருந்த ஆண்டுகளை முழுமையாக ஓடினார். தான் கற்றதை இளையவருக்கும் கொடுத்தார். நாமோ, போனதை எண்ணி, இருப்பதையும் வீணாக்குகிறோமா? சிந்திப்போம்.