இருட்டு வண்டிக்குள் வெளிச்சம்: சர் வில்லியம் லயன்ஸ் வாழ்க்கை



மலருக்கு ஒரு பெரியவர் வாழ்க்கையை எழுதிக் கொடுடான்னு சங்கச் செயலாளர் கேட்டார். காந்தி, காமராஜர், கலாம் மூவரையும் மற்ற நண்பர்கள் முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ஜாகுவார் கார் கம்பெனியை உருவாக்கிய சர் வில்லியம் லயன்ஸ். ஆலங்காயத்துப் பையனுக்கும் அந்த இங்கிலாந்துக்காரருக்கும் என்னடா சம்பந்தம்னு கேட்பீர்கள். ஒரு பழைய கார்தான் சம்பந்தம்.

போன கோடை விடுமுறையில் ஆம்பூரில் என் மாமாவின் சீட் பட்டறைக்கு ஒத்தாசைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டு கதவு, தாழ்ந்த கூரை. சீட், கதவு, தரை, டேஷ்போர்டு எல்லாமே கறுப்பு. மேல் துணிகூட புகை படிந்த அடுப்படி மாதிரி. பட்டப்பகலில் உட்கார்ந்தாலும் குகைக்குள் இருப்பது போலத்தான் இருக்கும். வண்டிக்காரர் எழுபது தாண்டியவர், கண்புரை ஆபரேஷன் ஆனவர். பெல்ட் கொக்கியையும் கதவுக் கைப்பிடியையும் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்கிறார். வீட்டில் எல்லாரும் வித்துடுங்கன்னு நெருக்குகிறார்களாம். உள்ளே வெளிச்சமா ஆக்கிக் கொடுத்தா வச்சுக்கறேன், இல்லேன்னா வித்துடறேன்னு சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஸ்டியரிங்கை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். அதைப் பார்த்ததும் எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது.

நீதானே டிப்ளமோ படிக்கிறே, ஒரு வழி சொல்லுன்னார் மாமா. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அப்படித்தான் லயன்ஸ் கிடைத்தார்.

வில்லியம் லயன்ஸ் 1901 செப்டம்பர் 4 அன்று இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிளாக்பூலில் பிறந்தார். அப்பா இசைக் கருவிக் கடை வைத்திருந்தவர். பையனுக்கோ மோட்டார் சைக்கிள் மேல்தான் ஆசை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் மான்செஸ்டரில் கிராஸ்லி மோட்டார் கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். அங்கேயே தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்தார். அதாவது, நண்பர்களே, ஒரு பக்கம் ஒர்க்‌ஷாப், ஒரு பக்கம் வகுப்பு. கிட்டத்தட்ட நம்ம ஜாதிதான்! 1919ல் அதை விட்டுவிட்டுச் சொந்த ஊர் திரும்பி, ஒரு கார் விற்பனைக் கடையில் சேல்ஸ்மேன் ஆனார். வாங்க வருகிறவர் காரில் முதலில் எதைப் பார்க்கிறார், எதைத் தொட்டுப் பார்க்கிறார் என்பதை அங்கேதான் கற்றிருப்பார் என்பது என் எண்ணம்.

அந்த ஊருக்குக் குடிவந்த வில்லியம் வாம்ஸ்லி என்பவர் மோட்டார் சைக்கிளுக்கு அழகான சைடுகார் செய்துகொண்டிருந்தார். லயன்ஸ் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். இருவர் அப்பாமாரும் ஜாமீன் நிற்க, வங்கியில் 1000 பவுண்டு ஓவர்டிராஃப்ட் கிடைத்தது. 1922ல், லயன்ஸுக்கு 21 வயது நிறைந்த சமயத்தில், ஸ்வாலோ சைடுகார் கம்பெனி பிறந்தது.

அடுத்துத்தான் நம் விஷயம் வருகிறது. அந்தக் காலத்தில் சாமானியன் வாங்கக்கூடிய கார் ஆஸ்டின் செவன். சின்ன வண்டி, நல்ல வண்டி, ஆனால் பார்க்க ஒன்றும் இருக்காது. 1927ல் லயன்ஸ் அதே இன்ஜினையும் சேஸிஸையும் வாங்கி, தன் பட்டறையில் வேறு பாடி கட்டினார். பளிச்சென்று இரண்டு வண்ணப் பெயின்ட் அடித்து 175 பவுண்டுக்கு விற்றார். அழகு என்பது பணக்காரன் வீட்டுச் சொத்து இல்லை, சின்ன வண்டிக்காரனுக்கும் வேண்டும் என்பதைச் செய்தே காட்டிவிட்டார். லண்டனில் ஹென்லிஸ் என்ற விற்பனையாளர் ஒரேயடியாக 500 வண்டிக்கு ஆர்டர் கொடுத்தார். பிளாக்பூல் பட்டறை தாங்காது என்று 1928ல் தொழிலைக் கவென்ட்ரிக்கு மாற்றினார்.

1931ல் எஸ்.எஸ். 1 என்ற கார். 1935ல் ஜாகுவார் என்ற பெயர். அந்த அறிமுகம் லண்டன் மேஃபேர் ஓட்டலில் நடந்தது. வந்திருந்தவர்களிடம் விலை என்ன இருக்கும் என்று ஊகித்து எழுதச் சொன்னார். சராசரி 632 பவுண்டு வந்தது. உண்மை விலை 385 பவுண்டு! வாயைப் பிளந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் எஸ்.எஸ். என்ற எழுத்துக்கு நாஜிப் படையின் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டதால், 1945ல் கம்பெனிக்கே ஜாகுவார் என்று பெயர் மாற்றினார்.

1948ல் எக்ஸ்.கே. 120 வந்தது. மணிக்கு 120 மைல் என்பதால் அந்தப் பெயர். அடுத்த வருடம் பெல்ஜியத்தில் ஜப்பேக் நெடுஞ்சாலையில் 132 மைலுக்கு மேல் ஓடிக் காட்டியது. உலகம் வேகத்தைப் பார்த்தது. பட்டறைப் பையன் நான் சீட்டைப் பார்த்தேன்! பிஸ்கட் நிறத் தோலோடு சிவப்புத் தோல் சேர்த்து இருவண்ணத்தில் தைத்திருக்கிறார்கள். வெளிர்நிறம் கிடைக்கிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அடர்நிறம் விழுங்கிவிடும். நமக்கு வழி கிடைச்சாச்சுன்னு துள்ளிக் குதித்தேன்.

மேல் துணியை மாற்றி வெள்ளை கலந்த சந்தன நிறம் போட்டோம். சீட்டுக்கும் கதவின் மேல் பாதிக்கும் பிஸ்கட் நிறத் தோல். செருப்பு உரசுகிற கீழ்ப்பாதிக்கு மட்டும் பழுப்பு. தோல் எடுக்கும்போது மாமா ஒரு பாடம் சொன்னார். ஆவாரம்பட்டை போன்ற தாவரச் சரக்கில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்து கறுக்கும். வெளிர்நிறம் நிலைக்க வேண்டுமானால் குரோமில் பதனிட்டு மேலே நிறம் பூசிய தோல்தான் சரி. இது எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்காதது.

அப்புறம்தான் என் கோளாறு. வேகத்தில் டேஷ்போர்டு மேற்பரப்பையும் பிஸ்கட் நிறத்தில் மூடிவிட்டேன். உட்கார்ந்து பார்த்தால் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. மதிய வெயிலில் சாலைக்கு எடுத்ததும் டேஷ்போர்டின் நிழலுரு முழுக்க முன்கண்ணாடியில் விழுந்தது. எதிரே வருகிற லாரி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் வருவது போலிருந்தது. மாமா ஒன்றும் திட்டவில்லை. வண்டியை ஓரம் கட்டி, பிரிச்சுடு என்றார். நல்ல தோல் வீண். கண் சரியில்லாத மனிதரிடம் அப்படியே கொடுத்திருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

நம்ம ஆலங்காயம் பக்கத்துக் காவலூர் வானாய்வு நிலையத்தை நினைத்துக்கொண்டேன். தொலைநோக்கியின் உள்பக்கத்தை வேண்டாத ஒளி தெறிக்காதபடி கறுப்பாக வைப்பார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருட்டு, ஆள் உட்காரும் இடத்தில் வெளிச்சம். இந்தச் சின்னக் கணக்கு எனக்குத் தோலைப் பாழாக்கிய பிறகுதான் புரிந்தது. 1961ல் ஜெனிவாவில் லயன்ஸ் அறிமுகம் செய்த புகழ்பெற்ற ஈ-டைப் காரிலும், டேஷ்போர்டு நடுவில் முதலில் பளபளப்பான அலுமினியத் தகடு இருந்தது. பின்னால் வந்த வண்டிகளில் அந்த இடம் கறுப்பாகிவிட்டது. பெரிய கம்பெனியே திருத்திக்கொள்ளும்போது நாம் எம்மாத்திரம்!

லயன்ஸ் வரைபடத்தை மட்டும் நம்புகிறவர் இல்லை. மரத்திலும் தகட்டிலும் முழு அளவில் மாதிரி செய்யச் சொல்லி, தன் வீட்டு முன்னால் திறந்த வெளிச்சத்தில் நிறுத்தி, சுற்றிச் சுற்றிப் பார்ப்பாராம். கோடு சரியில்லை என்றால் மறுபடி வேலை. நானும் வெயிலில் பார்த்த பிறகு தைத்திருக்க வேண்டும்.

புகழுக்கு நடுவே அவருக்குப் பெரிய இடியும் விழுந்தது. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1951, 1953, 1955, 1956, 1957 என ஐந்து முறை ஜாகுவார் வென்றது. அதில் 1955 வெற்றியை அவரால் கொண்டாட முடியவில்லை. அந்தப் பந்தயத்துக்குப் போகும் வழியில், பிரான்சில் சாலை விபத்தில் அவருடைய ஒரே மகன் ஜான் இறந்துபோனார். 1956ல் சர் பட்டம் வந்தது. 1957 பிப்ரவரியில் தொழிற்சாலையில் பெருந்தீ. அதற்கும் அசராமல் உற்பத்தியை மீண்டும் தொடங்கினார். வாரிசு இல்லாத கம்பெனியை 1966ல் பி.எம்.சி.யுடன் இணைத்தார். 1972ல் ஓய்வு பெற்று, 1985 பிப்ரவரி 8 அன்று, 83 வயதில் மறைந்தார்.

அவர் மறைந்து 23 ஆண்டுகள் கழித்து, 2008ல் ஜாகுவாரை நம் நாட்டு டாடா மோட்டார்ஸ் வாங்கியது. 2024 செப்டம்பரில் நம்ம ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடாவின் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். லயன்ஸ் வைத்த விளக்கின் வெளிச்சம் நம் வாசல் வரை வந்துவிட்டது, பாருங்கள்!

எங்கள் எம்.ஜி. என்ன ஆயிற்று? டேஷ்போர்டு மேற்பரப்புக்குப் பளபளப்பில்லாத கறுப்பே போட்டோம். கூரை விளக்குக்கு எல்.இ.டி. மாட்டினேன். பழைய இங்கிலாந்து வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இணைந்திருக்கும். எல்.இ.டி.யைத் திருப்பிக் கொடுத்தால் எரியாது. அதனால் மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் மாட்டினேன். பெல்ட் கொக்கி சீட்டின் வெளிர்நிறத்துக்கு எதிரே தானாகவே தெரிந்தது.

பெரியவர் வந்தார். உட்கார்ந்தார். தடவாமல் பெல்ட்டை எடுத்து மாட்டினார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. விற்கப் போகிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த சர்வீஸுக்கு எப்போ வரட்டும்னு மாமாவிடம் கேட்டார். அதுவே பதில்.

நண்பர்களே! பி.இ. படித்தவர்கள் முன்னால் நாம் சில நேரம் கூனிக்குறுகி நிற்கிறோம். லயன்ஸ் பட்டதாரி இன்ஜினியர் இல்லை. உட்காரப் போகிற மனுஷன் யார் என்று பார்க்கத் தெரிந்தவர். அந்தப் பார்வை நம் டிப்ளமோ கையிலும் இருக்கட்டும் என்று கூறி விடைபெறுகிறேன்.