வ.உ.சி.க்கு 40 ஆண்டு தண்டனை ஏன்?

கப்பலோட்டிய தமிழன் ஜெயிலுக்குப் போனது கப்பலுக்காக இல்லை, பேச்சுக்காக.

ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்த வக்கீல் வ.உ.சிதம்பரனார், 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். தொழிலாளர் சம்பளம் கூடியது. மார்ச் 9-ல் பிபின் சந்திர பாலின் விடுதலையைக் கூட்டம் போட்டுக் கொண்டாடினார். மார்ச் 12-ல் நெல்லையில் கைது.

மறுநாள் ஊரே கொதித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் பலி. அவரோ அப்போது காவலில் இருந்தார். தேச துரோக வழக்கில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் விதித்தார். மொத்தம் 40 ஆண்டு. மேல்முறையீட்டில் அது 6 ஆண்டானது. 1912 டிசம்பரில் விடுதலை, 1936-ல் மறைவு.

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை இன்று அரசியல் சட்டம் பிரிவு 19 தருகிறது. பொது ஒழுங்குக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம். ஆனா, அது நியாயமானதான்னு கோர்ட்டில் கேட்கலாம். வ.உ.சி. காலத்தில் அப்படிக் கேட்க ஓர் அடிப்படை உரிமையே இல்லை.