ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ்

ரயில் பிரயாணிகளின் உயிரைக் காத்தவர்களுள் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸுக்கு நாம் முதலிடம் அளிக்கிறோம். 1846-ம் வருஷம் அமெரிக்காவில், விவசாய யந்திரங்கள் செய்யும் ஒருவரின் புதல்வராகப் பிறந்தார். வாலிபத்தில் இரு சரக்கு வண்டிகள் மோதிக் கிடக்கக் கண்டார். அந்நாளில் ஊழியர்கள் பெட்டிக்குப் பெட்டி ஓடிக் கையால் பிரேக்கைத் திருக வேண்டியிருந்தது; அபாயம் கண்ணெதிரே தோன்றினும் வண்டி நில்லாது.

அழுத்திய காற்றினால் எல்லாப் பெட்டிகளையும் ஒருங்கே நிறுத்தும் பிரேக்குக்கு 1869-ல் பேடண்டு பெற்றார். குழாய் அறுந்தால் அது பயன்படாது. 1872-ல் அக்குறையையும் தீர்த்தார். குழாயில் காற்றழுத்தம் குறைந்தால் பிரேக் தானே பிடிக்கும். பழுது நேரின் வண்டி நின்றே தீர வேண்டும் என்பதே அவர் நிலைநாட்டிய தத்துவம். 1881-ல் சிக்னல் கம்பெனியொன்றையும் ஸ்தாபித்தார். 1914-ல் காலமானார்.

ஆயினும், கருவி பிறந்ததனால் மட்டும் உயிர்கள் பிழைக்கவில்லை. 1889-ல் அயர்லாந்தின் ஆர்மா நகரருகே, தானே பிடிக்கும் பிரேக்கில்லாத பெட்டிகள் பின்னோக்கி உருண்டு மோதியதில் 80 பேர் மாண்டனர். அதன் பின்னரே பிரிட்டிஷ் பார்லிமெண்டு அப்பிரேக்கைக் கட்டாயமாக்கிற்று. அமெரிக்கச் சட்டமோ 1893-ல்தான் வந்தது. இடையில் மாண்டவர்களுக்கு யார் பொறுப்பு?

டிரைவர் தவறினும் வண்டியை நிறுத்தும் கவச் என்னும் முறையை இந்தியா 2020-ல் தேசீய முறையாக ஏற்றது. ஏற்றல் வேறு, பொருத்துதல் வேறு. பாதைகள் யாவற்றுக்கும் சர்க்கார் காலவரம்பு விதிக்க வேண்டும். இன்னொரு விபத்தை எதிர்பார்த்திருத்தல் தகாது.