கடன் வாங்கிக் கப்பல் ஏறி உலகை வென்ற சிப்பாய்

பணம் இருந்தால் எதையும் வாங்கலாம் என்பார்கள். நல்ல மட்டையை வாங்கலாம். நல்ல பூட்சை வாங்கலாம். பெயர் பெற்ற ஆட்டக்காரர்களைச் சம்பளம் பேசி அழைத்து வரலாம். ஆனால், வெற்றியை விலைக்கு வாங்க முடியுமா?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பந்தயம் நடக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழும். வெளியூரிலிருந்து காசு கொடுத்து ஆள் இறக்கும் கோஷ்டி ஜெயிக்குமா? தினமும் ஒன்றாகப் பழகும் உள்ளூர்க் கோஷ்டி ஜெயிக்குமா? திடலைச் சுற்றி நிற்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள்.

இதற்குப் பதில் சொல்வது போல் வாழ்ந்து மறைந்த ஒருவர் உண்டு. அவர் பணக்காரர் அல்ல. பெரிய படிப்புப் படித்தவரும் அல்ல. பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர். அவர்தான் ஆக்கி வீரர் தயான்சந்த். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கும் ராஜபாளையத்துக்காரர்களுக்கும் அடுத்த ஊரான கோவில்பட்டி, ஆக்கிக்குப் பேர் போனது. அங்கே மட்டை பிடிக்கும் சின்னப் பையனுக்கும் தெரிந்த பெயர் அது.

மல்யுத்தம் பிடித்த பையன்

தயான்சந்த் 1905-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி அலகாபாத்தில் பிறந்தார். தகப்பனார் பட்டாளத்துக்காரர். பட்டாளத்துக்காரரின் குடும்பம் ஓர் ஊரில் நிலையாக இருக்க முடியுமா? இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். அதனால் பையனின் படிப்பு ஆறு ஆண்டுகளோடு நின்றது. பிறகு குடும்பம் ஜான்சியில் குடியேறியது.

சிறு வயதில் தயான்சந்துக்கு ஆக்கியில் பெரிய ஆசை எதுவும் இல்லை. மல்யுத்தம்தான் அவருக்குப் பிடித்தது. 1922-ம் ஆண்டில் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது.

பட்டாளத்தில் பாலே திவாரி என்ற சுபேதார் மேஜர் இருந்தார். ஆக்கி என்றால் அவருக்கு உயிர். புதிதாக வந்த இந்தச் சிப்பாயிடம் ஏதோ இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். மட்டை பிடிப்பது எப்படி, பந்தை நிறுத்துவது எப்படி என்று முதல் பாடத்திலிருந்து கற்றுக் கொடுத்தார்.

ஆக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டையாக இருக்கும். பந்தைத் தொட அந்தப் பக்கத்தை மட்டுமே உபயோகிக்கலாம். ஆகவே, ஓடி வரும் பந்தைத் துள்ளாமல் நிறுத்த வேண்டும். மட்டையை ஒட்டியே கொண்டு போக வேண்டும். தக்க சமயத்தில் தோழனுக்குத் தள்ள வேண்டும். நிறுத்து, கொண்டு போ, தள்ளு: ஆக்கியின் அரிச்சுவடி இவ்வளவுதான். ஆனால், அரிச்சுவடியை ஆயிரம் முறை எழுதிப் பழகினால்தான் கையெழுத்து அழகாகும்.

தயான்சந்த் அப்படித்தான் பழகினார். பகலில் பட்டாள வேலை. வேலை முடிந்ததும் ஆட்டம். இருட்டிய பிறகும் நிலா வெளிச்சத்தில் தனியாகப் பந்தைத் தட்டிக் கொண்டிருப்பாராம். அவருடைய இயற்பெயர் தயான்சிங். நிலாவுக்கு இந்தியில் சாந்த் என்று பெயர். நிலவில் பழகியதால் தோழர்கள் சந்த் என்று சேர்த்துக் கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்தது என்று சொல்வார்கள்.

வழியனுப்ப மூன்று பேர்

1926-ம் ஆண்டில் இந்தியப் பட்டாளத்தின் ஆக்கி கோஷ்டி நியூசிலாந்து சென்றது. அதில் தயான்சந்தும் ஒருவர். மொத்தம் 21 ஆட்டங்கள். 18-ல் வெற்றி, 2 சமம், ஒன்றில் மட்டும் தோல்வி. ஊர் திரும்பியதும் அவர் லான்ஸ் நாயக் ஆனார்.

அடுத்தது 1928-ம் ஆண்டு. ஹாலந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக் பந்தயம். இந்திய ஆக்கிச் சங்கம் தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. கையில் காசு இல்லை. கப்பல் செலவுக்குப் பணம் போதாமல், தேர்ந்தெடுத்தவர்களில் இரண்டு பேரை விட்டுச் செல்லும் நிலை வந்தது. வங்காளத்தார் பணம் கொடுத்து உதவியதால் அந்த இருவரும் போக முடிந்தது.

பம்பாய்த் துறைமுகத்தில் 13 ஆட்டக்காரர்கள் கப்பல் ஏறினார்கள். அவர்களை வழியனுப்ப வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? மூன்றே மூன்று பேர்!

ஆம்ஸ்டர்டாமில் இந்தியா ஐந்து ஆட்டங்கள் ஆடியது. ஆஸ்திரியாவுக்கு எதிராக 6 கோல். பெல்ஜியத்துக்கு 9. டென்மார்க்குக்கு 5. சுவிட்சர்லாந்துக்கு 6. கடைசி ஆட்டம் ஹாலந்துடன். அன்று இந்திய ஆட்டக்காரர்களில் சிலர் நோயாகப் படுத்துவிட்டார்கள். தயான்சந்துக்கும் காய்ச்சல். அந்தக் காய்ச்சலோடு ஆடினார். இந்தியா 3-0 என்று வென்றது.

ஐந்து ஆட்டங்களில் இந்தியா போட்டது 29 கோல்கள். அவற்றில் 14 தயான்சந்த் போட்டவை. எதிரிகள் ஐந்து பேரும் சேர்ந்து இந்தியாவுக்குப் போட்ட கோல் ஒன்றுகூட இல்லை. தங்கப் பதக்கத்துடன் பம்பாய் திரும்பியபோது துறைமுகம் கொள்ளாத கூட்டம். போகும்போது மூன்று பேர், வரும்போது ஆயிரக்கணக்கான பேர். வெற்றிக்கு எப்போதும் சொந்தக்காரர்கள் அதிகம்.

ஆடிக்கொண்டே போன பயணம்

1932-ம் ஆண்டு ஒலிம்பிக் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்தது. அப்போது உலகம் எங்கும் பொருளாதார மந்தம். பல நாடுகள் ஆள் அனுப்பவே தயங்கின. இந்திய ஆக்கிச் சங்கம் என்ன செய்தது? கடன் வாங்கியது. அதுவும் போதவில்லை. ஆகவே, ஆட்டக்காரர்கள் வழிநெடுகக் காட்சி ஆட்டங்கள் ஆடிப் பணம் திரட்டினார்கள். கொழும்பில் இரண்டு ஆட்டங்கள் நடந்தன. ஒன்றில் 20-0, மற்றொன்றில் 10-0 என்று இந்தியா வென்றது.

ஒலிம்பிக்கில் ஆக்கிக்கு வந்தவை மூன்றே நாடுகள். ஜப்பானை இந்தியா 11-1 என்று தோற்கடித்தது. அமெரிக்காவை 24-1 என்று தோற்கடித்தது. அந்த ஆட்டத்தில் தயான்சந்தின் தம்பி ரூப்சிங் 10 கோல்கள் போட்டார். அண்ணன் போட்டது 8. அமெரிக்கா போட்ட அந்த ஒரு கோலும், இந்திய கோல் காவலர் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொண்டிருந்தபோது விழுந்தது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

வந்த கடனை அடைக்க வேண்டாமா? அந்தப் பயணத்தில் மொத்தம் 37 ஆட்டங்கள் ஆடினார்கள். 34-ல் வெற்றி. ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. போட்ட கோல்கள் 338. தயான்சந்த் மட்டும் 133.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வடம் பிடித்து இழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும். ஆனால், தேர் வீதி முனையில் திரும்புவது வடத்தினால் மட்டும் அல்ல. சக்கரத்தின் அடியில் கட்டை கொடுப்பவரின் கை பழகியிருக்க வேண்டும். பணம் வடத்தைப் போன்றது. பயிற்சி கட்டையைப் போன்றது. தயான்சந்தின் கோஷ்டிக்கு வடம் பிடிக்க ஆள் குறைவு. கட்டை கொடுக்கும் கை மட்டும் தவறவே இல்லை.

வெறுங்காலோடு ஓடியவர்

1936-ம் ஆண்டு. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை நிறுவிய ஆண்டு அது. அதே ஆண்டில் ஜெர்மனியில் பெர்லின் நகரில் ஒலிம்பிக் நடந்தது. சர்வாதிகாரி ஹிட்லர் தன் நாட்டின் பெருமையைக் காட்டுவதற்காகப் பணத்தைத் தண்ணீராய் இறைத்து அந்த விழாவை நடத்தினார்.

இந்தியக் கோஷ்டிக்கு இப்போது தயான்சந்த் தலைவர். பெர்லினில் ஒலிம்பிக்குக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி இந்தியாவை 4-1 என்று தோற்கடித்தது. தயான்சந்துக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. குறை எங்கே என்று யோசித்தார்கள். முன் வரிசையில் ஓர் இடம் பலவீனமாக இருந்தது. உடனே இந்தியாவுக்குத் தந்தி பறந்தது. தாரா என்ற ஆட்டக்காரர் விமானத்தில் வந்து சேர்ந்தார்.

அதன் பிறகு இந்தியா நிற்கவில்லை. ஹங்கேரி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்சு ஆகிய நான்கு நாடுகளும் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றன. கடைசி ஆட்டம் மறுபடியும் ஜெர்மனியுடன். மழையினால் ஒரு நாள் தள்ளிப்போய் ஆகஸ்டு 15-ந் தேதி நடந்தது. ஆட்டத்துக்கு முன் இந்திய வீரர்கள் உடை மாற்றும் அறையில் காங்கிரசின் மூவர்ணக் கொடிக்கு வணக்கம் செலுத்தினார்கள். அப்போது நாடு அடிமை நாடு. அதே ஆகஸ்டு 15-ல் 11 ஆண்டுகள் கழித்துச் சுதந்திரம் வரும் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க முடியாது.

தரை ஈரம். இடைவேளை வரை இந்தியா போட்டது ஒரே கோல். இடைவேளைக்குப் பிறகு தயான்சந்த் பூட்சைக் கழற்றி எறிந்தார். காலுறையையும் கழற்றினார். வெறுங்காலோடு ஓடினார். கோல் மேல் கோல் விழுந்தது. இந்தியா 8, ஜெர்மனி 1.

பெரிய பதவி தருகிறேன், ஜெர்மனிக்கு வந்துவிடு என்று ஹிட்லர் அழைத்ததாகவும், தயான்சந்த் மறுத்ததாகவும் ஒரு கதை நாடெங்கும் உலாவுகிறது. கதை கதையாகவே இருக்கட்டும். அவர் கடைசி வரை இந்தியப் பட்டாளத்திலேயே இருந்தார் என்பது உண்மை. 1956-ம் ஆண்டில் மேஜராக ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் பத்மபூஷண் விருது கிடைத்தது. அவர் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய கோல் என்ற ஆங்கிலப் புத்தகம் 1952-ம் ஆண்டில் நம் சென்னையில்தான் வெளியாயிற்று.

பணமே வேண்டாமா?

அப்படியானால் பணமே தேவையில்லை என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. வங்காளத்தார் பணம் கொடுக்காவிட்டால் இருவர் பம்பாயிலேயே நின்றிருப்பார்கள். தாரா பெர்லினுக்குப் பறந்து வர விமானக் கட்டணம் யாரோ கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் பேஸ்பால் என்ற ஆட்டம் உண்டு. அங்கே ஆட்டக்காரர்களின் சம்பளம் கோடிக்கணக்கில் போகும். 2002-ம் ஆண்டில் நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டி 12 கோடி டாலருக்கு மேல் சம்பளம் கொடுத்தது. ஓக்லாந்து கோஷ்டி கொடுத்தது சுமார் 4 கோடி. இரண்டும் சரிசமமாக 103 ஆட்டங்களில் வென்றன. ஆனால், முடிவில் பட்டம் இரண்டுக்கும் கிடைக்கவில்லை. அனாகைம் என்ற வேறொரு கோஷ்டி அதைக் கொண்டு போயிற்று. பணம் தோற்பதும் உண்டு. பணம் இல்லாத சாமர்த்தியம் கடைசிப் படியில் தடுக்குவதும் உண்டு.

இந்திய ஆக்கிக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. 1975-ம் ஆண்டில் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றிக் கோலைப் போட்டவர் தயான்சந்தின் மகன் அசோக்குமார். அடுத்த ஆண்டே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்தரை போய்ச் செயற்கைத் தரை வந்தது. அதைப் போட ஏராளமான பணம் வேண்டும். நம் பையன்கள் புல்லிலும் மண்ணிலும் பழகியவர்கள். இந்தியா ஏழாவது இடத்துக்குப் போயிற்று. 1980-ம் ஆண்டில் ஒரு தங்கம் கிடைத்தது. பிறகு 41 ஆண்டுகள் ஒலிம்பிக் ஆக்கியில் ஒரு பதக்கமும் இல்லை. ஒடிசா சர்க்கார் 2018-ம் ஆண்டு முதல் இந்தியக் கோஷ்டிக்குப் பணம் கொடுத்து ஆதரித்தது. 2021-ல் டோக்கியோவிலும், 2024-ல் பாரிசிலும் வெண்கலம் வந்தது.

பயிற்சியின் இடத்தில் பணத்தை வைத்தால் வெற்றி வராது. பயிற்சிக்குப் பின்னால் பணத்தை நிறுத்தினால் வெற்றி தொடர்ந்து வரும். தயான்சந்த் காலத்தில் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. அதன் விலையைக் கொடுத்தவர் அவரேதான்.

உலகை மூன்று முறை வென்றவர் முதுமையில் பணக் கஷ்டப்பட்டார். ஓய்வூதியம் சொற்பம். நோய் வந்தபோது டில்லியில் ஆஸ்பத்திரியின் பொது வார்டில் படுத்திருந்தார். 1979-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி காலமானார். அவர் ஆடிப் பழகிய ஜான்சித் திடலிலேயே உடல் தகனம் செய்யப்பட்டது.

இன்று டில்லியின் தேசிய விளையாட்டு அரங்கத்துக்கு அவர் பெயர். நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதுக்கும் அவர் பெயர். அவர் பிறந்த ஆகஸ்டு 29-ந் தேதி தேசிய விளையாட்டு தினம். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிகளில் அன்று பந்தயம் நடத்துகிறவர்கள், கோப்பைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை நல்ல பயிற்சியாளருக்கும் நாலு மட்டைக்கும் ஒதுக்கினால், அந்தச் சிப்பாய்க்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறு இல்லை.