ஏணிப் பெயர் தந்த ஹாமில்டன்

பிளஸ் 1 பயிலும் என் பேத்தி அண்மையில் ஓர் ஐயம் எழுப்பினாள். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்குகிறது. 'கீழே' என்பது திசைதானே? பிறகு ஏன் அதைத் 'திசையிலி' என்கிறார்கள்? பொருளியல் போதித்து ஓய்வுபெற்ற எனக்கு உடனே விடை தெரியவில்லை. 'ஸ்கேலர்' என்ற சொல்லுக்கு இன்றைய பொருளைத் தந்தவரின் வாழ்க்கையில் விடை கிடைத்தது.

வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1805-இல் டப்ளினில் பிறந்தார். தந்தையின் உடன்பிறந்தவரிடம் வளர்ந்து, சிறு வயதிலேயே இலத்தீன், கிரேக்கம், ஹீப்ரு பயின்றார். எட்டு வயதில், மனக்கணக்கில் புகழ்பெற்ற அமெரிக்கச் சிறுவன் ஒருவனிடம் தோற்றார். அத்தோல்வியே அவரைக் கணிதத்தின் பக்கம் திருப்பியது என்பார்கள். 1827-இல், பட்டம் பெறும் முன்பே, டிரினிட்டி கல்லூரியின் வானியல் பேராசிரியரானார். (இன்றைய நியமன விதிகளில் அவர் விண்ணப்பிக்கவே முடியாது!)

மும்மை எண்களைப் பெருக்கும் வழியை அவர் பல ஆண்டுகள் தேடினார். காலை உணவின்போது அவருடைய மைந்தர்களே அது கைகூடிற்றா என்று வினவுவார்களாம். 1843 அக்டோபர் 16 அன்று, மனைவியுடன் ராயல் கால்வாய்க் கரையில் நடக்கையில் விடை மின்னிற்று: மூன்று போதாது, நான்கு வேண்டும். புரூம் பாலத்தின் கல்லில் அச்சூத்திரத்தைக் கத்தியால் கீறினார். அந்த நான்கு கூறு எண்ணே குவாட்டர்னியன்.

அதன் மூன்று கூறுகள் வெளியில் திசை காட்டும், அப்பகுதி வெக்டர். எஞ்சிய ஒன்றை 1846-இல் 'ஸ்கேலர்' என்றார். ஏணியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பெயர் அது. எதிர்ம முடிவிலி முதல் நேர்ம முடிவிலி வரை நீளும் ஒரே ஏணி. எந்த மெய்யெண்ணும் அதில் ஒரு படி. குறைக்குறி கீழ்ப்படியைச் சுட்டுகிறதே அன்றி வெளியில் ஒரு திசையை அன்று. நீங்கள் எப்பக்கம் திரும்பி நின்றாலும் வெப்பநிலை மாறுவதில்லை. நிறை, ஆற்றல் ஆகியனவும் அவ்வாறே. திசையுள்ள விசையும் இடப்பெயர்ச்சியும் சேர்ந்து தரும் வேலையும் ஸ்கேலர்தான். விசை நகர்வை எதிர்த்தால் அது குறைக்குறி பெறும்.

நாடுகளை மொத்த உள்நாட்டு உற்பத்தி என்னும் ஒரே ஏணியில் வரிசைப்படுத்தியே பல்லாண்டு பாடம் நடத்தினேன். வறுமை, கல்வி, உடல்நலம் எல்லாம் அப்படியில் அடங்கிவிட்டதாக மாணவர்களை நம்பவைத்த உறுத்தல் இன்றும் உண்டு. ஹாமில்டனோ, ஒற்றை எண்ணை நான்கில் ஒரு பங்காகவே வைத்திருந்தார்.

எஞ்சிய 22 ஆண்டுகளைக் குவாட்டர்னியனுக்கே அளித்து 1865-இல் மறைந்தார். முற்றுப்பெறாத அவரது பெருநூல் மறு ஆண்டு வெளிவந்தது. பின்னர் கிப்ஸும் ஹெவிசைடும் அவ்வெண்ணைப் பிரித்து, ஸ்கேலரையும் வெக்டரையும் மட்டும் எடுத்துக்கொண்டனர். இன்று விண்கலங்களின் திருப்பத்தைக் கணக்கிட முழு எண்ணும் மீண்டும் பயன்படுகிறது. பாலத்துக் கீறல் அழிந்துவிட்டது; அங்கே ஒரு நினைவுக் கல் இருக்கிறது.