கொடுத்துக் கொடுத்தே ஏழையானவர்: சித்தூர் வி. நாகையா

பிறந்த ஊர் ஒன்று. பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் வேறொன்று. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்களுக்கு இது புதிதல்ல. திரையுலகில் அப்படி ஊர்ப் பெயர் பெற்றவர்களில் முதன்மையானவர் சித்தூர் வி. நாகையா.

அவர் பிறந்தது ரேபல்லேயில், 1904 மார்ச் 28-ந் தேதி. ஆனால் அவரை நடிகராக்கியது சித்தூர். திருப்பதியையும் உள்ளடக்கியிருந்த அந்த மாவட்டம் அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் புழங்கிய ஊர் அது. அங்கிருந்த ராமவிலாஸ சபாவின் மேடையில், ‘சாரங்கதரா’ நாடகத்தில் சித்ராங்கியாகப் பெண் வேடம் பூண்டு பெயர் வாங்கினார் நாகையா. கர்நாடக இசையை முறையாகப் பயின்ற குரல் அவருக்குத் துணை நின்றது.

கலை அன்று சோறு போடவில்லை. அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சில காலம் இருந்தார். ‘ஆந்திர பத்திரிகா’வில் பணியாற்றினார். சினிமாவின் கதவு திறந்தபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு. எச்.எம். ரெட்டியின் ‘கிருஹலக்ஷ்மி’ (1938) முதல் படம். அடுத்த ஆண்டே ‘வந்தே மாதரம்’ அவரைக் கதாநாயகனாக்கியது.

போர்க்காலப் புகழ்

அதே ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டிய கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு. படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக் கூடாதென்று சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. படங்களின் எண்ணிக்கை குறைந்த அந்த நாட்களில்தான் நாகையாவின் புகழ் ஏறியது. ‘பக்த போதனா’வில் அரசர் தரும் செல்வத்தைவிட ஏரே போதும் என்றிருந்த கவிஞராக வாழ்ந்து காட்டினார். தமிழில் ‘அசோக் குமார்’ (1941) படத்தில் தியாகராஜ பாகவதர் குணாளன்; நாகையா அசோகச் சக்கரவர்த்தி. ‘மீரா’வில் (1945) எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு இணையாக ராணா வேடம்.

போர் முடிந்த மறு ஆண்டில் ‘தியாகய்யா’ (1946) வந்தது. தயாரிப்பு, டைரக்‌ஷன், சங்கீதம், நடிப்பு எல்லாம் அவரே. காவிரிக் கரையில் வாழ்ந்து தெலுங்கில் பாடிய மகானின் கதையை, ஆந்திரத்தில் பிறந்தவர் எடுத்தார். திருவையாற்றுக்கு வருவோர் தங்க ஒரு சத்திரமும் கட்டினார்.

நாவலிலிருந்து வந்த கந்தன்

தமிழ் மக்கள் மறக்காத நாகையா, ‘ஏழை படும் பாடு’ (1950) படத்தின் கந்தன்தான். பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1862-ல் வெளியிட்ட நாவல் அது. 1937-ல் ஆர்சன் வெல்ஸ் அதை அமெரிக்க வானொலியில் தொடர் நாடகமாக்கினார். தமிழில் அதைத் தந்தவர் கவியோகி சுத்தானந்த பாரதியார். கோவை பட்சிராஜா ஸ்டூடியோ படமாக்க, கே. ராம்நாத் டைரக்ட் செய்தார்.

பசிக்காக ரொட்டி திருடிச் சிறை சென்றவன் கந்தன். விடுதலையானபின் இடம் கொடுத்த பாதிரியார் வீட்டிலேயே வெள்ளிச் சாமான்களைத் திருடுகிறான். போலீஸ் பிடித்து வந்தபோது, தாமே கொடுத்ததாகச் சொல்லி அவனைக் காப்பாற்றுகிறார் பாதிரியார். அந்த ஒரு செயல் அவனைப் புது மனிதனாக்குகிறது. பிறகு அவன் வாழ்வெல்லாம் கொடுப்பதே. அவனை விடாது துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமன், பின்னர் ஜாவர் சீதாராமன் என்றே அழைக்கப்பட்டார்.

திரையில் கொடுத்த கந்தன் வேறு, வீட்டில் கொடுத்த நாகையா வேறு அல்ல. சென்னையில் அவர் வீட்டுக்கு வாய்ப்புத் தேடி வந்தவர்களுக்குப் பந்தி நடந்தது. கஷ்டம் என்று வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் அவரிடம் இல்லை. வரவு பெரிதாக இருந்தவரை அது தெரியவில்லை. சொந்தப் படங்களில் பணம் முடங்கியபோது தெரிந்தது. ‘என் வீடு’ (1953) எடுத்தார். ஆண்டுக்கணக்கில் இழுத்து ‘பக்த ராமதாஸு’வை 1964-ல் முடித்தார். கடன்தான் மிஞ்சியது.

கடைசிக் காலம்

ஒரு காலத்தில் பெருந்தொகை வாங்கியவர், கிடைத்த வேடத்தைக் கிடைத்த சம்பளத்துக்கு ஏற்றார். ‘சம்பூர்ண ராமாயண’த்தில் தசரதன், ‘பாவ மன்னிப்பி’ல் வளர்ப்புத் தந்தை என வந்த சிறு வேடங்களிலும் தம் முத்திரையை விட்டுச் சென்றார். 1965-ல் பத்மஸ்ரீ விருது வந்தது, வறுமை விலகவில்லை. 1973 டிசம்பர் 30-ந் தேதி சென்னையில் காலமானார்.

அவர் கணக்குப் பார்த்துக் கொடுத்திருந்தால் கடைசி நாட்கள் சுகமாகக் கழிந்திருக்கும் என்பது உண்மை. உதவி செய்வதற்கும் ஓர் எல்லை வேண்டும் என்று குடும்பஸ்தர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் சொத்துச் சேர்த்த பலரின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. சென்னை பனகல் பூங்காவில் நாகையாவுக்குச் சிலை நிற்கிறது. சித்தூரிலோ, கலையரங்கமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர் கொடுத்த ஊருக்கு அவர் தம் பெயரையே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.